ஆயிரத்து நூற்றிருபத்தாறு மணித்தியாலம்

லாங்கன்தால்,
9.2.1986

அன்புள்ள தங்கச்சி பத்மினிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாய் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் உன் அறைக் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டுக்கார அம்மா ஓடு மாற்றித் தந்தாரா? உடுவிலிலிருந்து அம்மாவின் கடிதம் உனக்கு ஒழுங்காக வருகிறதா? எனக்கு வந்து இரண்டு மாதமாகிறது.

இங்கே தலைநகர் பேர்ணிலுள்ள விமானக் காரியாலயத்தின் பதில் ஒருவழியாக வந்து சேர்ந்தது. நான்கு பக்கம், முழுவதும் ஜெர்மன். தொழிற்சாலையில் என்னோடு நின்று சூளை வண்டியில் பீங்கான் அடுக்குகிற இத்தாலிக்காரன் பாதியை விளங்கப்படுத்தினான். மிச்சத்தை அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன்.

என் இலங்கை விமானி லைசன்ஸை அவர்கள் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. மாற்றித் தருவதென்றால், மாற்றுகிற நாளில் அது செல்லுபடியாக இருக்கவேண்டும். என்னுடையது வருகிற ஜூலை முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. அது உண்மையானதுதான் என்று கொழும்புக் காரியாலயம் நேரே பேர்ணுக்கு எழுதவேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிற எந்தக் கடிதமும் செல்லாது. நான் பறந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அத்தாட்சி வேண்டும். அதற்குப் பிறகுதான் டொக்டர், சோதனை எல்லாம்.

மணித்தியாலத்தில்தான் சிக்கல். முதலாவது பதிவுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது, எண்பத்து மூன்று ஜூலையில் தெஹிவளை வீட்டோடு எரிந்தது உனக்குத் தெரியும். புத்தகம் எரிந்தபடியால் அந்த நான்கு வருடமும் நான் பறக்காதவனாகிவிட்டேன்.

தூதரகத்தில் போய்க் கேள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அகதி என்று எழுதிக் கொடுத்தவன் தன் நாட்டுத் தூதரகத்தின் படியில் ஏறினால், "அவர்களிடம் போக முடிகிறதே, பிறகென்ன பயம் உனக்கு?" என்று இங்கே கேட்பார்கள். அந்தக் கதவு எனக்கு இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கொழும்புக் காரியாலயத்துக்குப் போய் விசாரிப்பாயா?

ஊழியர் அடையாள அட்டை இல்லாமல் வெளியே இறங்காதே.

உன் அன்பு அண்ணன்,
தில்லைநாதன்


வெள்ளவத்தை,
16.3.1986

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். ஓடு மாற்றவில்லை, கட்டிலைத்தான் மற்றச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. குளிருக்கு நீங்கள் காதை மூடிக்கொண்டு திரிகிறீர்களா என்று என்னிடம் கேட்டு எழுதுகிறார்.

காரியாலயத்துக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள், விண்ணப்பதாரி தானே வரவேண்டும் என்றார்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் தூதரகத்தின் மூலம் வரட்டும் என்றார்கள். இரண்டாம் நாள் அதையே வேறொருவர் சொன்னார். மூன்றாம் நாள் நான் எழும்பி வர இருந்த நேரம், யன்னலோர மேசையிலிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி, "எந்த நாதன்? காலையில் பத்திரிகைக் கட்டு ஏற்றிக்கொண்டு பலாலிக்குப் போகிற நாதனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்றேன். இருக்கச் சொன்னார்.

நீங்கள் வேலை செய்த கம்பனி மூடியாயிற்றாம், முதலாளி அவுஸ்திரேலியாவில். அங்கிருந்து ஒரு அத்தாட்சியும் எடுக்க முடியாது. ஆனால் இரத்மலானை விமானத்தளத்தில் எழும்பின, இறங்கின ஒவ்வொரு விமானத்தையும் கட்டுப்பாட்டு ரவரில் எழுதி வைத்திருக்கிறார்களாம். பழைய பதிவேடுகள் கட்டுக்கட்டாக ஒரு பூட்டின அறையில் கிடக்கின்றன. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கித் தேடிப் பார்க்கலாம், சனிக்கிழமைகளில் மட்டும் முடியும் என்றார். நல்ல மனிதராகத் தெரிகிறார். சிங்களவர், பெயர் லயனல்.

அனுமதி கிடைத்தால் உடனே எழுதுகிறேன். சாப்பாட்டைக் கவனியுங்கள்.

அன்புத் தங்கை,
பத்மினி


லாங்கன்தால்,
20.4.1986

அன்புள்ள பத்மினிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ரவர்ப் பதிவேடு எனக்கு எப்படி நினைவு வராமல் போனது? அந்த மனிதருக்கு என் நன்றியைச் சொல்.

இங்கே டொக்டர் சோதனை முடிந்தது. கண், காது, இருதயம் எல்லாம் சரி. "பறக்கலாம்" என்றார் டொக்டர். பறக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொல்லி ஒன்றரை வருடம். ரயிலில் திரும்பி வரும்போது அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு இறங்கவேண்டிய ஸ்ரேசனைத் தவறவிட்டேன்.

பேர்ணில் புதிதாக ஒரு சிக்கல். எங்கள் பெயரில் எது குடும்பப் பெயர் என்று இவர்களுக்கு விளங்குவதில்லை. வந்த நாளில் எல்லையில் எழுதினவன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டான். ஆகவே இங்கே நான் ஹெர் கார்த்திகேசு; ஹெர் என்றால் திரு. சம்பளச் சீட்டிலும் கார்த்திகேசு. லைசன்ஸில் கே. தில்லைநாதன். "இந்த இரண்டு பேரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று பேர்ணிலிருந்து எழுதியிருக்கிறார்கள். செத்துப் பதினொரு வருடமான அப்பாவை நான் தினமும் காலை ஆறு மணிக்குச் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கொழும்பிலிருந்து வருகிற கடிதத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதச் சொல்.

ஊருக்கு வெளியே புல்வெளியில் ஒரு சின்ன விமானத்தளம் இருக்கிறது. ஞாயிறுகளில் அங்கே போய்க் கொட்டகைக் கதவைத் திறக்க, விமானங்களைத் தள்ளிவிடக் கைகொடுக்கிறேன். ஏஷ்லிமான் என்ற பயிற்சி ஆசிரியர் பழைய சட்டப் புத்தகத்தைத் தந்தார். அவர் கதைப்பது குறைவு. ஜெர்மனில் மேகத்தின் வகைகளைப் பாடமாக்குகிறேன்.

இன்னுமொன்று. சூக் நகரில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற உருத்திரமூர்த்தி, நல்லூர்ப் பெடியன், குடி வெறி இல்லாதவன். உன்னைப் பற்றிக் கேட்டான். படம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். உன் விருப்பத்தை எழுது.

ஜூலைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. கொஞ்சம் கெதிப்படுத்து.

அன்புடன்,
அண்ணன்


வெள்ளவத்தை,
29.6.1986

அன்பின் அண்ணைக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என நம்புகிறேன். இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னிக்கவும். காப்புறுதிக் கம்பனியில் ரைப் வேலை மலைபோல் குவிந்துவிட்டது.

அனுமதி மே மாத நடுவில்தான் கிடைத்தது. கறையான் அரித்த பதிவேடுகள் அவை. ஒரு நாளில் எழும்பின விமானம் எல்லாம் வரிசையாக இருக்கும். அதற்குள் உங்கள் விமானத்தின் அடையாள எழுத்தையும் உங்கள் பெயரையும் தேடி, எழும்பின நேரம், இறங்கின நேரம் இரண்டையும் வேறு தாளில் எடுத்தெழுத வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதினால்தான் வேகமாகப் போகிறது. நாங்கள் எண்பத்தோராம் ஆண்டு மார்ச் வரை வந்துவிட்டோம். தூசியால் எனக்கு இருமல். இப்போது மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

ஜூலை முப்பத்தொன்றுக்குள் முடியாது, அண்ணை. அவசரப்பட்டு ஒரு நாளைத் தவறவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்கிறார் லயனல். அது சரியென்றுதான் எனக்கும் படுகிறது.

பெயர் விஷயம் சொல்லிவிட்டேன். அப்பா வேலைக்குப் போகிற கதையைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

அம்மா சுகம்.

அன்புத் தங்கை,
பத்மினி


லாங்கன்தால்,
17.8.1986

அன்புள்ள பத்மினிக்கு,

இருமல் எப்படி? கொத்தமல்லி அவித்துக் குடி. நான் இருக்கிறேன்.

ஜூலை முப்பத்தொன்று ஒரு வியாழக்கிழமை. அந்தக் கிழமை எனக்குப் பிற்பகல் வேலைமுறை. வழமைபோலக் கோப்பைகளை அடுக்கினேன், வழமைபோல இரண்டு உடைந்தது. இரவு பத்துக்கு வீட்டுக்கு வந்து லைசன்ஸை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

பேர்ணுக்கு நேரே போனேன். அந்தப் பகுதியில் இருக்கிற பெண் அதிகாரி கெட்டவர் அல்ல. ஆறுதலாகக் கேட்டார், ஆறுதலாகச் சொன்னார். காலாவதியான லைசன்ஸை மாற்ற முடியாது. புதுப்பித்துக்கொண்டு வந்தால் மாற்றலாம். எங்கே புதுப்பிப்பது என்று கேட்டேன். "தந்த நாட்டில்," என்றார். அங்கே போக முடியாததால்தானே இங்கே இருக்கிறேன் என்றேன். "அது வேறு காரியாலயம்," என்றார்.

அந்த வேறு காரியாலயத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. அகதி விண்ணப்பம் நிராகரிப்பு. மேன்முறையீடு செய்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுதாதே.

மணித்தியாலங்கள் உறுதியானால், அவற்றைக் கணக்கிலெடுத்துச் சாதாரண தனியார் லைசன்ஸுக்காவது சோதனை எழுத விடுவார்களாம். அதனால் அந்தக் கடிதம் இன்னும் தேவை. நீ களைத்துப் போயிருப்பாய். எனக்கும் களைப்புத்தான்.

உருத்திரமூர்த்தியின் விஷயத்தில் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. "நாங்கள்", "நாங்கள்" என்று எழுதுகிறாய். சனிக்கிழமைகளில் அந்தப் பூட்டின அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா?

அண்ணன்,
தில்லைநாதன்


லாங்கன்தால்,
2.11.1986

பத்மினிக்கு,

சுகமாய் இருப்பாய் என நினைக்கிறேன். ஓகஸ்ட் கடிதத்துக்குப் பதில் இல்லை. அம்மாவுக்கும் நீ எழுதவில்லையாம். உருத்திரமூர்த்தி என்னைக் காணும் போதெல்லாம் கேட்காமல் நிற்கிறான்; அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அத்தாட்சிக் கடிதம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இரண்டு வரி போடு.

அண்ணன்


வெள்ளவத்தை,
7.12.1986

அன்பின் அண்ணைக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் சுகம். உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.

நவம்பர் இருபத்தெட்டாம் திகதி உங்கள் அத்தாட்சிக் கடிதம் பதிவுத் தபாலில் பேர்ணுக்குப் போய்விட்டது. எழுநூற்றுப் பதினான்கு மணித்தியாலம் நாற்பது நிமிடம். உங்கள் முதலாவது புத்தகத்தோடு சேர்த்தால் ஆயிரத்து நூற்றிருபத்தாறு. ஒரு நாளும் தவறவில்லை. ஒவ்வொரு தாளிலும் முத்திரை இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவர்தான் என்ற வாசகமும் இருக்கிறது.

வீட்டுக்கார அம்மா அறையைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அவருடைய உறவுக்காரர் வருகிறார்களாம். புதிய விலாசம் உறையின் பின்பக்கத்தில். சீதுவை. கம்பனிக்குப் போக ரயிலில் ஒரு மணித்தியாலம் ஆகிறது. காலையில் இருக்க இடம் கிடைக்கிறது.

உருத்திரமூர்த்தி அவர்களிடம் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவரில் ஒரு குறையும் இல்லை.

பனிக்காலம். கவனம்.

பத்மினி


லாங்கன்தால்,
1.2.1987

அன்புள்ள பத்மினிக்கு,

நீ சுகமா? இங்கே இரண்டு கிழமையாக வெயில் முகமே தெரியவில்லை. மூடுபனி கூரையில் படுத்திருக்கிறது.

ஜனவரி இருபதாம் திகதி பேர்ணுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்தப் பெண் அதிகாரி தாள்கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். "பதினைந்து வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன். இப்படியோர் அத்தாட்சி எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை," என்றார். பிறகு ஏதோ எடுக்க வெளியே போனார். நான் தாள்களைப் புரட்டினேன்.

பத்மினி, அது முழுவதும் நான். எண்பதாம் ஆண்டு தைப்பொங்கலன்று பலாலி. ஒரே நாளில் இரண்டு தரம் மட்டக்களப்பு. சீனக்குடாவுக்குப் போய் எரிபொருள் இல்லாமல் மறுநாள் திரும்பியது. நான் மறந்துபோன நாட்கள் எல்லாம் நிமிடக் கணக்கில் இருந்தன. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன். ஒரு தாள் உன் எழுத்து. அடுத்த தாள் வேறு எழுத்து, வட்ட வட்டமாக. பிறகு உன்னுடையது. முதல் பத்துத் தாளில் இரண்டு எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கடைசித் தாள்களில் ஒரே வரியில் திகதி உன் எழுத்து, நேரம் மற்றவருடையது.

மணித்தியாலங்களை ஏற்றுக்கொண்டார்கள். தனியார் லைசன்ஸுக்குச் சட்டம், காலநிலை, வானொலி மூன்றும் எழுதி, பரிசோதகரோடு பறந்து காட்டவேண்டும். ஊதியத்துக்கு ஓட்டுகிற லைசன்ஸ் என்றால் பயிற்சி முழுவதையும் ஆரம்பத்திலிருந்து செய்யவேண்டும், அதற்கு முதல் இந்நாட்டில் வசிக்கிற அனுமதி வேண்டும். அதாவது எனக்கு இல்லை.

இப்போது நீ எனக்கு நேராகப் பதில் எழுதவேண்டும். சீதுவையில் உன்னோடு யார் இருக்கிறார்?

அண்ணன்


சீதுவை,
8.3.1987

அன்பின் அண்ணைக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். இதை வாசித்த பிறகும் சுகமாக இருக்கவேண்டும்.

நவம்பர் இருபத்தொன்பதாம் திகதி லயனலும் நானும் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். உங்கள் அத்தாட்சிக் கடிதம் தபாலில் போன மறுநாள். அது முடியும்வரை பொறுக்கவேண்டும் என்றவர் அவர். அதற்கு முதல் செய்தால், தங்கச்சியைக் கட்டுகிறபடியால் எழுதிக் கொடுத்தார் என்று யாரும் சொல்லலாம், உங்கள் மணித்தியாலத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று சொன்னார்.

உங்களுக்கு எழுதப் பலமுறை இருந்தேன். தெஹிவளை வீட்டு முற்றத்தில் நீங்கள் போட்ட உடுப்போடு நின்றது என் கண்ணுக்கு வரும். பேனாவை மூடிவிடுவேன். வீட்டுக்கார அம்மா அவரை வாசல் படலையில் கண்ட அன்றே என் பெட்டியை வெளியில் வைத்துவிட்டார். பாணந்துறையில் அவருடைய அண்ணன் எங்களோடு கதைப்பதில்லை. இரண்டு பக்கத்தாலும் ஒன்றுதான்.

லயனல் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஒருநாள் உங்கள் பெயரைப் பதிவேட்டில் வாசித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தி, "உங்கள் வீட்டை எரித்தபோது நான் என் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை," என்றார். நான் கேட்கவில்லை, தானாகச் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

அம்மாவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ஏசினாலும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பத்மினி

அன்பு அண்ணா. நான் தமிழ் எழுத படிக்கிறது. பிழை மன்னிக்க. 1981 மே 9 பெரிய மழை. உங்கள் பிளேன் இருபது நிமிடம் ரேடியோ பேச வில்லை. அன்று ரவரில் புத்தகம் எழுதினது நான். நீங்கள் இறங்கினது பார்த்து தான் சோறு சாப்பிட்டது. தங்கச்சியை நல்லாய் பார்ப்பேன். லயனல்.


லாங்கன்தால்,
5.7.1987

அன்புள்ள பத்மினிக்கும் லயனலுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான்கு மாதம் எழுதவில்லை.

பொய் சொல்லமாட்டேன், கோபம் வந்தது. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் பெட்டியின் அடியில் போட்டேன். உருத்திரமூர்த்தியிடம் சொன்னபோது அவன்கூட, "அண்ணை, அவ சந்தோசமாய் இருக்கிறாவோ? பிறகென்ன?" என்றான். எனக்கு அவனோடும் கோபம். ஏப்ரலில் கொழும்பு பஸ் நிலையத்துக் குண்டுச் செய்தியை வானொலியில் கேட்டேன். நீ ரயிலில் போகிறவள் என்று மனதைத் தேற்றினேன். அடுத்த நிமிடம், அவர் எதில் வேலைக்குப் போகிறவர் என்று யோசித்தேன். அப்படி யோசித்தும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை என்று கேட்டபோதும் எழுதவில்லை. எழுதாமல் இருக்கப் பழகினால் அதுவும் ஒரு வேலைபோல நடந்துகொண்டேயிருக்கும்.

சோதனைகள் மூன்றும் எழுதினேன். சட்டத்தில் ஒருமுறை தவறி இரண்டாம் முறை சித்தி. மே இருபத்துமூன்றில் ஏஷ்லிமானின் விமானத்தில் பரிசோதகரோடு ஏறினேன். எழும்பும்போது என் கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. வாய்தான் ஜெர்மனில் தடுமாறியது. மூடுபனிக்கு மேலே வந்ததும் தெற்கே மலை முழுவதும் வெள்ளையாக நின்றது. பரிசோதகர் இறங்கி, "நீ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய்," என்றார். ஏஷ்லிமான் என் தோளில் தட்டிவிட்டுக் கொட்டகையைப் பூட்டப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சூளை.

லைசன்ஸ் வந்தது. ஹெர் கார்த்திகேசு என்ற பெயரில். அதை வைத்து நான் ஒருவரிடமும் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. பெரிய லைசன்ஸுக்கு இனி நான் அலையப்போவதில்லை, பத்மினி. மேன்முறையீடு முடிந்து, அனுமதி வந்து, முதலிலிருந்து தொடங்கினால் எனக்கு நாற்பத்திரண்டு வயதாகும். இதை எழுதும்போது துக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். நித்திரைதான் வருகிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஜூன் மாதம் பேர்ணில் அந்தப் பெண் அதிகாரி ஒரு கடிதத்தைக் காட்டினார். ஏதோ ஒரு திகதியைச் சரிபார்க்க, அத்தாட்சியில் கையெழுத்திட்டவர் பெயருக்குக் கொழும்புக்கு எழுதியிருக்கிறார்கள். "அந்த அலுவலர் ஜனவரியிலிருந்து இந்தப் பகுதியில் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஜனவரி என்றால் நீ எனக்கு மார்ச்சில் எழுதும்போது உனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருக்கிற தமிழ் விமானிக்கு அத்தாட்சி தேடிக் கொடுத்ததற்காகவா? நீ ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மனிதர் தன் கதிரையை இழந்துவிட்டு எனக்குத் தமிழில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். நான் நான்கு மாதம் கோபமாக இருந்திருக்கிறேன்.

அன்றிரவே அம்மாவுக்கு எழுதினேன். உங்களைப் பற்றிய எல்லாவற்றையும் எழுதினேன். இனி நீ சொல்லத் தேவையில்லை. சண்டையால் கடிதம் எப்போது போகுமோ தெரியாது. உங்கள் விலாசத்தையும் எழுதியிருக்கிறேன்.

லயனல், உங்கள் தமிழில் பிழை இருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்காமல் போகவில்லை.

அன்புடன்,
அண்ணன்


சீதுவை,
20.9.1987

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். ஓம், ஜனவரியில் அவரை விசாரித்தார்கள். விமானி ஒருவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, அவன் யாருக்காகப் பறக்கப்போகிறான் என்று கேட்டார்கள். குற்றமொன்றும் பிடிக்க முடியவில்லை. கட்டுநாயக்காவில் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். தகரங்களையும் ரயர்களையும் எண்ணுகிறார். எழுதினால் நீங்கள் அந்த லைசன்ஸை வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள், இவ்வளவும் செய்தது வீணாகிவிடும் என்று நான்தான் எழுதவில்லை.

உங்கள் கடிதம் அம்மாவுக்கு ஓகஸ்ட் கடைசியில் கிடைத்திருக்கிறது. ஜூலைச் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதை திறந்ததும், எங்களுக்கு ஒரு சொல் அறிவிக்காமல் வவுனியா வரைக்கும் ஒரு பஸ், பிறகு இன்னொன்று என்று மாறி மாறி, செப்ரெம்பர் பத்தாம் திகதி பின்னேரம் அம்மா வாசலில் வந்து நின்றார். முழங்கால் வீங்கியிருந்தது.

"எங்கை அந்தப் பெடியன்?"

"வேலையாலை வர ஆறு மணியாகும், அம்மா."

"இருக்கிறன்."

தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தார். லயனல் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, யாரென்று விளங்கியதும் அம்மாவின் காலடியில் குனிந்து கும்பிட்டார்.

"எழும்பும், எழும்பும். தமிழ் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும். படிக்கிறது."

"என்ரை மகன் எழுதியிருக்கிறான், அவன் பறந்த நாளெல்லாம் நீர்தான் தேடிக் குடுத்தனீராம். பலாலிக்கு வந்த நாளும் அதிலை இருக்கோ?"

"இருக்கு, அம்மா. நான் எழுதினது. நூற்றுப் பதினெட்டு முறை."

அம்மா விரலால் ஏதோ கணக்குப் பார்த்தார். "வீட்டை வந்தது இருபது தரம் வரும். மிச்சமெல்லாம் அவ்வளவு கிட்ட வந்து இறங்கிப்போட்டுத் திரும்பிப் போயிருக்கிறான்," என்றார். லயனல், "பிளேன் அரை மணியில் திரும்ப வேணும் அம்மா. ரவரில் சட்டம்," என்று உங்களுக்காக நியாயம் கதைத்தார். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "நீர் அவனுக்குக் காவலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். நான் இல்லாத நேரத்தில் அம்மா அழுகிறார், முகத்தில் தெரிகிறது. சனத்துக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார். ஆனால் இரவில் அவருக்குச் சோறு போடுவது அம்மாதான். அவரைப் பிட்டு என்று சரியாகச் சொல்லப் பழக்கிவிட்டார். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவேன் என்கிறார். ஊரில் மறுபடி பதற்றம் என்று கேள்வி. அதை இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மேன்முறையீட்டைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லவில்லை. சூளை வேலையைப் பற்றிச் சொன்னேன். "கை சுடாமல் செய்யச் சொல்லு," என்றார், அவ்வளவுதான்.

தபால்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று வந்த அன்றைக்கே கேட்டுவிட்டார். இப்போது அந்த நேரத்துக்குப் படலையில் நிற்கிறார். கடிதமில்லை என்று அவன் கையை விரித்தால், "நாளைக்கு வரும்," என்று அவனுக்கே ஆறுதல் சொல்லி அனுப்புகிறார். அண்ணை, எழுத ஒன்றுமில்லாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
பத்மினி